வியாபாரத்தின் தராசும் வீதியின் தராசும்

கொழும்பு, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் காலை வேளையில் நிறுவை ஓய்வதே இல்லை. பருப்பு, சீனி, பம்பாய் வெங்காயம், செத்தல் மிளகாய், கருவாடு எல்லாம் ஏதோவொரு தராசில் ஏறி இறங்கித்தான் கை மாறுகின்றன. படிக்கல் வைத்த பழைய தராசுகளின் இடத்தை மின்னணுத் தராசுகள் பிடித்துவிட்டன. எண் மின்னுகிறது, இரண்டு தரப்பும் குனிந்து பார்க்கின்றன, பிறகுதான் பில். அரைக் கிலோ குறைந்தால் அந்த இடத்திலேயே கேள்வி வரும். அதே மூடைகளை நாட்டாமிமார் முதுகில் சுமந்து லொறியில் அடுக்குகிறார்கள். தார்ப்பாய் கட்டி லொறி புறப்படுகிறது, யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ மட்டக்களப்புக்கோ. மூடை மூடையாக நிறுக்கப்பட்ட அந்தச் சரக்கு, லொறியில் ஏறிய பின் எந்த அச்சின் வழியாக எத்தனை தொன்னாக வீதியில் இறங்குகிறது என்பதைத் தெருத் தராசுகளில் ஒன்றாலும் சொல்ல முடியாது.

நிறுவையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சந்தைக்கு உரியது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று நியாயம் சொல்வது. மற்றது வீதிக்கு உரியது. பாரவூர்தியை மறித்து, அச்சு அச்சாக நிறுத்துப் பார்த்து, வீதி தாங்குவதற்கு மேல் போகவிடாமல் தடுப்பது. இரண்டும் கிலோவில்தான் பேசுகின்றன. ஆனால் அவை கேட்கும் கேள்விகள் வேறு. முதலாவது "எவ்வளவு?" என்று கேட்கிறது. இரண்டாவது "எவ்வளவு, எந்தச் சக்கரத்தின் மேல்?" என்று கேட்கிறது.

சந்தைத் தராசு ஏன் ஒழுங்காக இருக்கிறது? அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி வியாபாரத் தராசுகள் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். ஆனால் சட்டத்தைவிடப் பெரிய காவல் ஒன்று அங்கே இருக்கிறது. நட்டப்படப் போகிறவர் தராசுக்கு முன்னாலேயே நிற்கிறார். பிழை நடந்தால் அடுத்த நிமிடமே அது அவருடைய பணம். அதனால் இரண்டு சோடிக் கண்கள் தராசை விட்டு விலகுவதில்லை.

வீதிக்கு அப்படிக் கண் இல்லை. கூடுதல் பாரத்தோடு இன்று போன லொறியின் தடம் இன்று தெரியாது. தாரின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தொடங்கும், மழை அதற்குள் இறங்கும், அடித்தளம் இளகும். ஓரிரு மழைக்காலம் கழிந்து குழி வெளியே தெரியும்போது அது எந்த லொறியின் வேலை என்று சொல்ல எவராலும் முடியாது. நட்டம் எங்கோ தூரத்துக் கிராமத்துச் சந்தியில் விழுகிறது. அதைக் கட்டுகிறவர்கள் பஸ்ஸில் குலுங்கிப் போகும் பிள்ளைத்தாய்ச்சியும், வாடகைக்கு முச்சக்கரவண்டி ஓட்டுகிறவரும், வரி கட்டும் எல்லோரும்தான். மூடை ஏறும்போது இவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. வராத அந்தத் தரப்புக்காகப் பேசுவதற்குத்தான் நிறுவை நிலையம் வேண்டியிருக்கிறது.

ஒரு வரலாற்றுச் செய்தி இங்கே வியப்பைத் தருகிறது. வண்டியோடு சேர்த்து நிறுக்கும் மேடையின் ஆரம்பக் கதை சந்தையைவிட வீதியோடு நெருங்கியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுங்கம் வாங்கி வீதியைப் பராமரித்த அறக்கட்டளைகள், பாரவண்டிகள் மண் வீதிகளை உழுதுவிட்டுப் போவதைக் கண்டு தவித்தன. 1741இல் வந்த சட்டம் சுங்க வாசல்களில் நிறுவை இயந்திரம் அமைக்க அவற்றுக்கு அனுமதி கொடுத்தது. 60 அந்தருக்கு, அதாவது 3 தொன்னுக்கு, மேல் ஏறும் ஒவ்வோர் அந்தருக்கும் 20 ஷில்லிங் கூடுதல் சுங்கம். அதே பத்தாண்டில்தான் பர்மிங்ஹாமில் ஜோன் வையட் நெம்புகோல்களை இணைத்து, வண்டியை அப்படியே ஏற்றி நிறுக்கும் மேடையைக் கட்டினார். பிறகு 1753இல் இன்னொரு சட்டம், சக்கரத்தின் அகலத்தைப் பார்த்தது. ஒன்பது அங்குல அகலச் சக்கரம் பூட்டிய வண்டிகளுக்குச் சலுகை. அகலச் சக்கரம் பாரத்தைப் பரப்பி இறக்கும், ஒடுங்கிய சக்கரம் வீதியை வெட்டும். மொத்த நிறை மட்டும் போதாது, அது நிலத்தைத் தொடும் விதமும் முக்கியம் என்பதை 270 ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். இன்றைய வீதிப் பொறியியலின் அடிப்படைகளில் ஒன்று அந்த எண்ணம்.

அதைக் கணக்காக்கியது அமெரிக்கா. இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. சாதாரண மக்கள் போகாத வளைய வீதிகள் ஆறு போடப்பட்டன. ஐந்தில் இராணுவச் சாரதிகள் இரவு பகலாக லொறி ஓட்டினார்கள். ஆறாவதில் வண்டியே விடவில்லை. வெயிலும் மழையும் பனியும் மட்டும் வீதியை என்ன செய்யும் என்று பிரித்துப் பார்க்க அது. பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுச் சுமைகள் அந்த வீதிகளின் மேல் உருண்டன. கிடைத்த விதி எளியது, ஆனால் மனத்தில் பதிய நேரம் எடுப்பது. அச்சின் பாரம் கூடும்போது வீதிக்கு ஏற்படும் தேய்மானம் அதே அளவில் கூடுவதில்லை. ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது. அச்சின் பாரம் இரட்டித்தால் சேதம் இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு. வீதியின் கட்டமைப்பையும் மண்ணையும் பொறுத்து அந்த அடுக்கு சற்று ஏறும், இறங்கும். ஆனாலும் உலகெங்கும் வீதி வடிவமைப்பின் அடிப்படைக் கணக்காக அது இன்றும் இருக்கிறது. 8.16 தொன் அச்சு ஒன்றை அலகாக வைத்து, ஒரு வீதி தன் ஆயுளில் அப்படி எத்தனை அச்சுகளைத் தாங்க வேண்டும் என்று பொறியியலாளர் கணக்கிடுகிறார்.

இந்த விதியைப் புறக்கோட்டை மூடையில் வைத்துப் பார்ப்போம். ஆறு சக்கர லொறி ஒன்று, வெறும் நிறை 5 தொன், ஏற்றக்கூடியது 10 தொன் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூடையில் 200. முன் அச்சில் 5 தொன், பின் அச்சில் 10 தொன் இறங்குகிறது. முதலாளிக்கு இன்னும் 40 மூடை போக வேண்டும், அதற்காக இன்னொரு லொறி பிடிப்பது கட்டாது. ஏற்றிவிடுகிறார்கள். கூடிய சரக்கு ஐந்தில் ஒரு பங்கு, வாடகையில் மிச்சமும் ஏறக்குறைய அதே பங்கு. அந்த 2 தொன்னில் 1.8 தொன் பின் அச்சில் விழுந்தால் 10 தொன் 11.8 ஆகிறது. நான்காம் அடுக்கில் போட்டால் அந்த அச்சினால் வீதிக்கு வரும் தேய்மானம் ஏறத்தாழ இரட்டிப்பு. மிச்சம் பிடித்தவருக்கு 20 வீதம், வீதிக்கு 90 வீதத்துக்கு மேல். வியாபாரத் தராசால் இந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது. அதற்கு 240 மூடை என்பது 12,000 கிலோ, அவ்வளவுதான்.

மொத்த நிறை சரியாக இருந்தும் வீதி கெடலாம், அதுதான் இன்னும் நுட்பமான இடம். லொறியின் பெட்டி பின் சக்கரத்தையும் தாண்டி வெளியே நீண்டிருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீற்றர் என்றால், பின் அச்சுக்கு 1 மீற்றர் பின்னால் அடுக்கிய 20 மூடை, அதாவது ஒரு தொன், பின் அச்சில் ஒரு தொன்னாக இறங்காது. ஒன்றேகால் தொன்னாக இறங்கும். முன் அச்சில் கால் தொன் குறையும், ஸ்டியரிங் இலேசாகும். எந்த மூடையை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று தீர்மானிப்பது வழக்கமாக இறக்கும் வரிசை. முதலில் இறங்க வேண்டியது கதவருகே. பாரம் எங்கே போகிறது என்ற கணக்கு அந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. நாட்டாமி ஒருவர் அனுபவத்தால் லொறியின் அமர்வைப் பார்த்தே "பின்னால கூடிப்போச்சு" என்று சொல்லிவிடுவார். அவருடைய கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அதை எண்ணாக்கித் தாளில் எழுதும் ஏற்பாடு எதுவும் அவர் கையில் இல்லை.

வீதியின் தராசு இந்த இடத்தில்தான் உருவத்திலேயே வேறுபடுகிறது. வியாபார எடைமேடை பெரிய இரும்புத் தளம். லொறி முழுதாக ஏறி நிற்கும், அடியிலுள்ள உணரிகள் மொத்தத்தைச் சொல்லும். அச்சு நிறுவையில் மேடை சிறியது. ஒவ்வோர் அச்சாக அதன் மேல் வந்து நின்று போகும். கையில் தூக்கிச் செல்லக்கூடிய சக்கரத் தட்டுகளும் உண்டு. அவற்றை வீதியோரத்தில் சமதளமாக வைத்து நிறுப்பார்கள். தரை கொஞ்சம் சரிந்திருந்தாலும் பாரம் ஓர் அச்சிலிருந்து மற்றதற்கு ஓடிவிடும் என்பதால் இடத் தெரிவு கவனமான வேலை. மூன்றாவது வகை, வீதியிலேயே உணரிப் பட்டைகளைப் பதித்து, ஓடும் லொறியை ஓட்டத்திலேயே நிறுப்பது. வண்டி துள்ளிக்கொண்டு போவதால் அதில் கிடைக்கும் எண் நின்று நிறுத்த எண்ணைப் போல நுட்பமாக இராது. ஆகவே பல நாடுகளில் அதைச் சல்லடையாக வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வருவதை மட்டும் பிரித்து, நிலையான தராசுக்கு அனுப்பி, வழக்குக்கு அங்கே கிடைக்கும் எண்ணையே எடுக்கிறார்கள்.

புறக்கோட்டையின் வாசலிலேயே, கொழும்புத் துறைமுகத்தில், மூன்றாவது நிறுவை ஒன்றும் நடக்கிறது. 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கொள்கலன் எதுவும் சரிபார்த்த மொத்த நிறை இல்லாமல் கப்பலில் ஏறக்கூடாது என்று சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையில் விதி வந்தது. அதற்கு வழி காட்டிய விபத்துகளில் ஒன்று 2007இல் ஆங்கிலக் கால்வாயில் உடைந்த எம்எஸ்சி நெப்போலி. அந்தக் கப்பலின் தளத்தில் நனையாமல் எஞ்சிய கொள்கலன்களை நிறுத்துப் பார்த்தபோது ஐந்தில் ஒன்றின் உண்மையான நிறை, தாளில் இருந்ததற்கு 3 தொன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. கடலுக்குச் சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. கப்பல் உடைந்தால் ஒரே நாளில் உடைகிறது, நட்டம் யாருடையது என்றும் தெரிகிறது. வீதி மெல்ல மெல்லச் சாகிறது. கப்பலுக்காக எடுத்த எண் மொத்த நிறையைத்தான் சொல்லும். அதே கொள்கலன் டிரெயிலரில் ஏறி வீதிக்கு வரும்போது, உள்ளே சரக்கு ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் எந்த அச்சு வருந்தப் போகிறது என்பது அந்த எண்ணில் இல்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதும் பார்க்கத் தக்கது. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலையோரம் "எடை மேடை" என்ற பலகை சாதாரணக் காட்சி. நெல்லும் மஞ்சளும் பழைய இரும்பும் நிறுக்கும் தனியார் மேடைகள் அவை. முழுக்க வியாபாரத்துக்கானவை. 1988ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் அந்த வியாபாரத் தராசையே வீதிக்குச் சாட்சியாக அழைக்கிறது. 114ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் சந்தேகப்பட்டால், லொறியை அது போகும் வழியில் 10 கிலோமீற்றருக்குள், அல்லது போய்ச்சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீற்றருக்குள் உள்ள நிறுவைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். கூடுதலாக இருந்தால் அதை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும், இறக்கிய சரக்குக்குப் பொறுப்பு சாரதி தரப்பே. மேடை இருக்கும் தூரத்தையும் எழுதி வைத்த அந்த நடைமுறை அறிவு எனக்குப் பிடித்திருக்கிறது. புதிதாக எல்லாம் கட்டி முடியும் வரை காத்திருக்காமல், ஊரில் ஏற்கெனவே உள்ளதைப் பயன்படுத்தும் வழி அது.

தண்டப்பணத்திலும் அங்கே படிப்பினை உண்டு. நீண்ட காலம் 2,000 ரூபாவும், கூடுதல் தொன்னுக்கு 1,000 ரூபாவுமாக இருந்தது. அந்தத் தொகையை வாடகைக் கணக்கில் ஒரு செலவாகச் சேர்த்துவிடலாம். தண்டத்தைக் கட்டி அதே பாரத்தோடு தொடர்ந்து போகவிட்ட நடைமுறையை 2005 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்தது. கட்டிய பணம் மேற்கொண்டு ஓட அனுமதிச் சீட்டு ஆகாது, சரக்கு இறங்கியே தீர வேண்டும் என்றது. 2019 செப்டெம்பர் முதல் தண்டம் 20,000 ரூபா, கூடுதல் தொன் ஒவ்வொன்றுக்கும் 2,000. நிறுக்க மறுத்து ஓடினால் 40,000. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் ஓட்டத்தில் நிறுக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

ஆனால் அதே நாடு 2018 ஜூலையில் இன்னொன்றும் செய்தது. நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு அனுமதித்த பாரத்தை 10.2 தொன்னிலிருந்து 11.5 ஆக உயர்த்தியது. இரட்டை அச்சுக்கு 19இலிருந்து 21. புதிய லொறிகள் வலுவானவை, போக்குவரத்துச் செலவு குறைய வேண்டும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். லொறி வலுவானது உண்மைதான். அதன் கீழே உள்ள வீதி 2018இல் வலுவாகவில்லை. 10.2க்கும் 11.5க்கும் இடையே வித்தியாசம் 13 வீதம்கூட இல்லை, நான்காம் அடுக்கில் அது 60 வீதத்தைத் தாண்டுகிறது. வீதியின் தராசுக்கு வியாபாரத்தின் பக்கமிருந்து வரும் பெரிய நெருக்கடி இப்படித்தான் வரும். தராசில் கைவைக்க வேண்டியதில்லை, எல்லைக்கோட்டை நகர்த்தினால் போதும். மறைவாக நடந்த கூடுதல் பாரம் சட்டப்படி நடக்கத் தொடங்கும். அதனால் வீதியின் தேய்மானம் குறையப் போவதில்லை.

இங்கே இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. லொறியின் வெறும் நிறையும் மொத்த நிறையும் பதிவில் உண்டு, பல லொறிகளின் பக்கத்தில் எழுதியும் இருக்கும். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ள ஏ, பீ தர வீதிகள் சுமார் 12,000 கிலோமீற்றர். அவற்றில் பல கடனாகப் பெற்ற பணத்தில் திருத்தப்பட்டவை. இருபது ஆண்டுக்கென்று போட்ட வீதி எட்டு ஆண்டில் பழுதானால் கடன் எட்டு ஆண்டில் முடியாது. 2022இல் எண்ணெயும் தாரும் வாங்க டொலர் இல்லாமல் நின்ற நாடு இது. வீதியைக் கட்டுவதைவிட இருக்கும் வீதியைக் காப்பது மலிவு என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எல்லைக்கோடு என்றதும் நாட்டாமியின் முதுகும் நினைவுக்கு வருகிறது. ஒரு மனிதர் சுமக்கக்கூடிய அதிகபட்சப் பாரம் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் உடன்படிக்கை 1967இல் வந்தது. அதனோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை எல்லையாகச் சொன்னது. நூறு கிலோ மூடைகள் வழக்கொழிந்து 50 கிலோவாகச் சிறுத்த மாற்றத்தைப் பழைய தலைமுறை நாட்டாமிமார் தம் உடம்பாலேயே அறிவார்கள். மூடையின் அளவு மாறியதும் சந்தை நின்றுவிடவில்லை. வியாபாரம் புதிய அளவுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. முதுகுக்கு எல்லை வைத்தபோது முடிந்தது, அச்சுக்கு எல்லை வைக்கும்போதும் முடியும் என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டு தராசுகளையும் ஒப்பிட்டதில் எனக்குத் தெளிவான ஒன்றைச் சொல்கிறேன். வீதியின் தராசு வீதியில் மட்டும் இருப்பது தாமதம். அது பாரம் ஏறும் இடத்துக்கு வர வேண்டும். நடுவழியில், நள்ளிரவில், மறித்து நிறுத்துப் பார்த்து, 2 தொன் கூட என்று கண்டால் எங்கே இறக்குவது? பம்பாய் வெங்காயமும் மரக்கறியும் மழையில் கிடக்குமா? சாரதிக்கு அந்தச் சரக்கில் ஒரு மூடையும் சொந்தமில்லை. ஏற்றச் சொன்னவர் கடையில் தூங்கிக்கொண்டிருப்பார். தண்டத்துக்கான சீட்டோ சாரதியின் பெயரில். நிறுக்கும் அலுவலரின் மனமும் அந்த நேரத்தில் இளகும், அல்லது வேறு வழியில் இளக்கப்படும். இறக்கிவைக்க மூடிய கிடங்கும், இறக்க ஆட்களும் இல்லாத நிறுவை நிலையம் தண்டம் எழுதும் மேசையாக மட்டும் சுருங்கிவிடும்.

அவுஸ்திரேலியாவில் 2014இல் நடைமுறைக்கு வந்த கனரக வாகனத் தேசியச் சட்டம், சாரதியோடு நிற்காமல், அனுப்பியவர், பொதி செய்தவர், ஏற்றியவர், பெறுபவர் வரை பொறுப்பைச் சங்கிலியாக நீட்டியது. 2018இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இந்தியச் சட்டமும், ஓட்டியவரோடு ஓட்டவைத்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. புறக்கோட்டைக்கு இந்தச் சங்கிலி பொருத்தமானது, ஏனென்றால் இங்கே அந்தக் கண்ணிகள் எல்லாம் ஓரிரு தெருவுக்குள் இருக்கின்றன. கடைக்காரர், லொறிக்காரர், நாட்டாமிமார் சங்கம், எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரியும். மூடையின் நிறையும் பில்லில் ஏற்கெனவே இருக்கிறது. லொறிக்கு ஏற்றிய பில்களைக் கூட்டினால் மொத்தம் அந்த நிமிடமே வந்துவிடும். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம், கூட்டுத்தொகையை எழுதிக் கையொப்பமிடும் ஒரு தாள் போதும்.

அச்சுக்கான நிறுவைக்குத்தான் இடம் வேண்டும். வடக்குக்கும் கண்டிப் பக்கமும் போகும் சரக்கு களனி கங்கையைக் கடந்தாக வேண்டும். 1822இல் படகுப் பாலம், 1895இல் விக்டோரியா பாலம், 2021இல் திறந்த புதிய பாலம் என்று அந்தக் கடவை இருநூறு ஆண்டாக மாறாமல் இருக்கிறது. அக்கரையில் பேலியகொடை. 2020 நவம்பரில் புறக்கோட்டையின் மெனிங் மரக்கறிச் சந்தை அங்கே போய்விட்டது, மீன் சந்தை அதற்கு முன்பே போனது. ஏற்றி இறக்கப் பழகிய ஆட்களும், மூடிய கிடங்குகளும், கூடுதல் சரக்கை எடுத்துக்கொண்டு போக வேறு லொறியும் பக்கத்திலேயே கிடைக்கும் இடம் அது. அங்கே ஒரு சமதளமும் ஒரு சோடி அச்சுத் தட்டும் கூரையும் இருந்தால், 40 மூடை கூடிப்போன லொறி விடியுமுன் அவற்றை இறக்கி, கடைக்குத் தொலைபேசியில் சொல்லி, அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டுப் புறப்படலாம்.